காற்றா, கரன்ட்டா, டீசலா, தண்ணியா? பழைய டீசல் எஞ்சின் அடம் பிடித்தால்

திருவாரூர்ப் பக்கம் ஏதாவது ஒரு சின்ன ஸ்டேஷனில் நடுராத்திரி எஞ்சின் நின்றுபோனால், துணைக்கு இருப்பவை ஓர் உதவி டிரைவர், ஒரு டார்ச், ஒரு டூல் பெட்டி, அப்புறம் கொசு. எஞ்சின் பழுதுபார்க்கும் ஷெட் இருப்பது திருச்சி பொன்மலையில். அங்கிருந்து ஆள் வருவதற்குள் பொழுது விடிந்துவிடும். அதனால் இந்தப் பக்கம் வண்டி ஓட்டியவர்களுக்குக் கொஞ்சம் கைவைத்தியம் தெரிந்தே ஆக வேண்டும்.

நான் உதவியாளனாகச் சேர்ந்த காலத்தில் மீட்டர் கேஜில் ஒய்.டி.எம்.4 என்ற டீசல் எஞ்சின் ஓடியது. அகலப்பாதை வந்த பிறகு டபிள்யூ.டி.எம்.2. இரண்டுமே ஆல்கோ என்ற அமெரிக்கக் கம்பெனியின் குடும்பம். முன்னதற்கு 6 சிலிண்டர், பின்னதற்கு 16 சிலிண்டர், 2600 குதிரைத்திறன். பிறகு வந்த 3ஏ வகைகளுக்கும் அதே ரத்தம்தான். லோகோ பைலட், டிரெயின் மேனேஜர் என்று இப்போது பெயர்கள் மாறிவிட்டன. எனக்கு டிரைவர், கார்டு என்றுதான் வாயில் வருகிறது, அப்படியே எழுதுகிறேன்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பெரியவர், எது கெட்டாலும் முதலில் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்வார். "எதையும் தொடாதே தம்பி. காத்தா, கரன்ட்டா, டீசலா, தண்ணியா? அதை முதல்ல சொல்லு" என்பார். கீழே உள்ளதெல்லாம் அந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்கும் வழிதான். விதிப்புத்தகமும், வண்டிகளின் போக்கைக் கவனிக்கும் கன்ட்ரோல் அலுவலகம் சொல்வதும் இதற்கு மேல்.

ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் எஞ்சின் சுற்றவே இல்லை

கேபில், அதாவது டிரைவர் அறையில், ஒரு விளக்கைப் போட்டுவிட்டு, அதைப் பார்த்துக்கொண்டே பட்டனை அழுத்துங்கள். விளக்கு சட்டென்று மங்கினால் பேட்டரி சோர்ந்துவிட்டது. டபிள்யூ.டி.எம்.2-வில் தனி ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது. சக்கரத்து மோட்டார்களுக்குக் கரன்ட் தரும் மெயின் ஜெனரேட்டரே அந்த நேரத்துக்கு மோட்டாராக மாறி 16 சிலிண்டரையும் புரட்ட வேண்டும். அதற்குத் தீனி போடுவது 64 வோல்ட் பேட்டரி. டெர்மினலில் பச்சை பூத்திருந்தால் அதுவே போதும் கழுத்தறுக்க. மூன்று தடவைக்கு மேல் அடித்துப் பார்க்காதீர்கள். இருக்கும் உயிரும் போய்விடும்.

விளக்கு மங்கவே இல்லை, ஒரு சத்தமும் இல்லை என்றால் பேட்டரியிலிருந்து கரன்ட் கிளம்பவே இல்லை. பேட்டரி நைஃப் ஸ்விட்ச் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, பிரேக்கர் ஏதாவது விழுந்திருக்கிறதா, எஞ்சின் கன்ட்ரோல் ஸ்விட்ச் ஐடிலில் (சும்மா ஓடும் நிலையில்) இருக்கிறதா, த்ராட்டில் (நாட்ச் நாட்ச்சாக, அதாவது படிப்படியாக, வேகம் கூட்டும் பிடி) ஐடிலில் இருக்கிறதா என்று பாருங்கள். பத்தில் எட்டு தடவை நாமே எதையோ மாற்றி வைத்திருப்போம்.

சுற்றுகிறது, பற்றவில்லை

இது டீசல். ஃப்யூயல் பம்ப் மோட்டார் ஓடும் இரைச்சல் கேட்கிறதா என்று காதைக் கொடுங்கள். ஃப்யூயல் கேஜில் 4 கிலோ அழுத்தத்தின் பக்கம் முள் நிற்க வேண்டும். முள் நிற்கிறது, ஆனாலும் பற்றவில்லை என்றால் எஞ்சின் வேகம் எல்லை மீறினால் நிறுத்தும் ஓவர்ஸ்பீடு டிரிப் விழுந்திருக்கலாம். அது தானாக எழுந்திருக்காது, கையால்தான் தூக்கிவிட வேண்டும். வுட்வர்ட் கவர்னர் (எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) பொருத்திய வண்டியில் ஒரு சின்ன பட்டன் வெளியே துள்ளியிருக்கிறதா பாருங்கள். லூப் ஆயில் (மசகு எண்ணெய்) பிரஷர் குறைந்தால் துள்ளும். அதை அமுக்கிவிட்டு ஸ்டார்ட் செய்வதற்கு முன் டிப்ஸ்டிக்கை உருவி எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்காதவரை என் ஆசான் கேபுக்குள்ளேயே ஏற விடமாட்டார்.

எஞ்சின் ஓடுகிறது, நாட்ச் எடுத்தால் வண்டி நகரவில்லை

புதிதாக வந்த பையன்கள் அதிகம் பயப்படும் இடம் இது. எஞ்சின் பாட்டுக்கு ஐடிலில் 400 சுற்றில் உறுமிக்கொண்டிருக்கும். மோட்டாருக்குப் போகும் கரன்ட்டைக் காட்டும் லோடு மீட்டர் முள் மட்டும் அசையாது.

முதலில் காற்று. ஆமாம், கரன்ட் இல்லை, காற்று. எமர்ஜென்சி பிரேக் விழுந்தாலோ, வண்டி முழுக்க ஓடும் பிரேக் பைப்பில் காற்று இறங்கினாலோ (இறங்கினால் பிரேக் பிடிக்கும்) பி.சி.எஸ். என்ற ஸ்விட்ச் எஞ்சினின் இழுவையை வெட்டிவிடும், அதற்கென்று ஒரு விளக்கும் எரியும். த்ராட்டிலை ஐடிலுக்குக் கொண்டுவந்து, ஏ-9 ஹேண்டிலை (வண்டி முழுவதற்குமான பிரேக் பிடி) ரிலீஸில் வைத்து, காற்று ஏறும்வரை பொறுத்தால் விளக்கு அணையும். காற்று ஏறவில்லை என்றால் அடுத்த பகுதிக்குப் போங்கள்.

அந்த விளக்கு எரியவில்லை என்றால் முன்னா பின்னா என்று திசை மாற்றும் ரிவர்ஸர், மோட்டார்களுக்குக் கரன்ட் போக வைக்கும் ஜெனரேட்டர் ஃபீல்டு ஸ்விட்ச், எஞ்சின் கன்ட்ரோல் ஸ்விட்ச் ரன்னில் இருக்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள். இங்கே டபிள்யூ.டி.எம்.2-வின் ஒரு குறும்பைச் சொல்ல வேண்டும். அதற்கு இரண்டு பக்கமும் கேப் கிடையாது. ஒரே கேப், அதற்குள் எதிரெதிராக இரண்டு கன்ட்ரோல் ஸ்டாண்ட். எஞ்சினைத் திருப்பாமல் டிரைவர்தான் திரும்பி உட்கார வேண்டும். ஸ்டாண்ட் மாறும்போது பழைய ஸ்டாண்டில் ஒரு ஹேண்டிலை அரைகுறையாக விட்டுவிட்டு வந்தால், புது ஸ்டாண்டில் உட்கார்ந்து எவ்வளவு மன்றாடினாலும் வண்டி கேட்காது. எழுந்து போய் முதுகுக்குப் பின்னால் பாருங்கள்.

கரன்ட் கசிந்தால் விழும் கிரவுண்ட் ரிலே விழுந்திருந்தால் ஐடிலில் வைத்து ஒரு முறை ரீசெட் செய்யலாம். மறுபடி விழுந்தால் சக்கரத்தைச் சுற்றும் ஆறு டிராக்‌ஷன் மோட்டாரில் ஏதோ ஒன்று சரியில்லை. மோட்டார் கட்-அவுட் ஸ்விட்சால் ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்து, கெட்டதை ஒதுக்கிவிட்டு மிச்சத்தோடு மெதுவாகப் போகலாம், கன்ட்ரோலிடம் சொல்லிவிட்டு. எங்கள் பக்கம் இது ஐப்பசி, கார்த்திகை வியாதி. மோட்டார்கள் அச்சோடு சேர்ந்து தாழ்வாகத் தொங்குகின்றன. தண்டவாளத்தில் தண்ணீர் ஏறியிருக்கும்போது வேகமாகப் போனால் அந்தத் தண்ணீர் வேறு எங்கே போகும்?

பிரேக் பைப்பில் காற்று ஏறவில்லை

ஏர் பிரேக் வண்டியில் பிரேக் பைப் 5 கிலோ, ஃபீடு பைப் 6 கிலோ. எஞ்சினின் மெயின் ரிசர்வாயரில் (காற்றுத் தொட்டியில்) 8-லிருந்து 10 கிலோ வரை இருக்க வேண்டும். மெயின் ரிசர்வாயரே ஏறவில்லை என்றால் கோளாறு எஞ்சினில். தொட்டியின் வடிகால் குழாய் (டிரெய்ன் காக்) ஏதாவது திறந்து கிடக்கும், அதன் சீறலே காட்டிக்கொடுக்கும். மெயின் சரி, பிரேக் பைப் மட்டும் ஏறவில்லை என்றால் கோளாறு பின்னால் இருக்கும் பெட்டிகளில். கடைசி வண்டியின் ஆங்கிள் காக் (பெட்டிக் கோடியில் காற்றுக் குழாயை அடைக்கும் திருகு) மூடியிருக்கிறதா, ஹோஸ் பைப் வாஷர் கிழிந்திருக்கிறதா, யாராவது சங்கிலி இழுத்திருக்கிறார்களா என்று உதவியாளர் நடந்து பார்க்க வேண்டும். தன் ஊருக்கு நேராக வண்டி வரும்போது சங்கிலி இழுத்து இறங்கி வயல் வரப்பில் ஓடுபவர்கள் உண்டு. பெட்டியின் கோடியில் உள்ள அடையாளத் தகடு திரும்பியிருக்கும். அதைச் சரிசெய்தால்தான் காற்று நிற்கும்.

வாக்குவம் பிரேக் இருந்த காலத்தில் இதே கதை தலைகீழ். அங்கே காற்றை ஏற்றுவதில்லை, உறிஞ்ச வேண்டும். எஞ்சினில் 53 சென்டிமீட்டர் வாக்குவம் காட்ட வேண்டும், 40-ஐத் தாண்டாமல் முள் முரண்டு பிடிக்கும். கடைசிப் பெட்டியின் ஹோஸைத் தூக்கி டம்மியில் (வாயை அடைக்கும் மூடியில்) மாட்டியிருக்கிறார்களா என்று முதலில் கார்டைக் கேளுங்கள். அது தொங்கிக்கொண்டிருந்தால் ஊர்க் காற்றையெல்லாம் உறிஞ்சிக்கொண்டிருப்போம். அது சரியாக இருந்தால், ஜெனரேட்டர் ஃபீல்டை ஆஃப் செய்துவிட்டு நாட்ச்சைக் கொஞ்சம் கூட்டுங்கள். காற்றை அழுத்துவதும் வாக்குவம் உறிஞ்சுவதும் ஒரே யந்திரம், எக்ஸ்பிரஸர். அது எஞ்சின் தண்டில்தான் சுழல்கிறது. எஞ்சின் வேகமாகச் சுற்றினால் அதுவும் வேகமாக உறிஞ்சும்.

காற்று சீக்கிரமே ஏறிவிட்டது

இதை ஒரு கோளாறாகவே யாரும் நினைப்பதில்லை. நான் நினைக்கிறேன். இந்தப் பட்டியலில் ஆளைக் கொல்லக்கூடியது இதுதான்.

ஒரு ஜங்ஷனில் இரவு நேரம் பெட்டிகளைச் சேர்த்தார்கள். கப்ளிங் மாட்டி, ஹோஸ் மாட்டி, "சரி சார்" என்று கீழே இருந்து டார்ச் காட்டினார்கள். நான் அப்போது உதவியாளன். பிரேக் பைப் முள் விறுவிறுவென்று ஏறி 5-ல் நின்றது. எனக்குச் சந்தோஷம், நேரம் மிச்சம். பெரியவர் முள்ளைப் பார்க்காமல் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்வளவு சீக்கிரம் ஏறக்கூடாதே" என்றார். ஏ-9 ஹேண்டிலைச் சற்று இழுத்து வைத்தார். காற்று வெளியேறும் 'புஸ்' சத்தம் வந்தது, உடனே நின்றுவிட்டது. ஒரு பெருமூச்சு அளவுகூட இல்லை. முழு வண்டியும் பின்னால் இருந்தால் அந்தச் சத்தம் நீண்டு, இளைத்து, மெதுவாக அடங்க வேண்டும். மறுபடி ஒரு தடவை செய்து காட்டி, "கேட்டியா? நாலு பெட்டிதான் நம்மகிட்ட இருக்கு" என்றார்.

டார்ச்சோடு நடந்தேன். நான்காவது பெட்டிக்கும் ஐந்தாவது பெட்டிக்கும் நடுவே ஆங்கிள் காக்கின் பிடி குறுக்கே கிடந்தது. மூடியிருக்கிறது. அதற்குப் பின்னால் இருந்த அத்தனை பெட்டிகளுக்கும் எங்கள் பிரேக் போய்ச் சேராது. எஞ்சின் கேஜ் மட்டும் சமர்த்தாக 5 கிலோ காட்டிக்கொண்டே இருந்திருக்கும்.

ஆகவே முள் எங்கே நிற்கிறது என்பதைவிட எவ்வளவு நேரத்தில் நின்றது என்று பாருங்கள். நெல் ஏற்றிய 42 வேகன் ரேக்குக்கு நிமிடக்கணக்கில் ஆகும், ஆகத்தான் வேண்டும். அப்புறம் பிரேக் கன்டினியூட்டி: டிரைவர் இங்கே காற்றை இறக்கினால் கார்டு வண்டியின் கேஜில் முள் இறங்க வேண்டும், ஏற்றினால் ஏற வேண்டும். "பார்த்தாச்சு சார்" என்று கார்டு சொல்லாமல் கிளம்பக்கூடாது. லேட்டாகிறது என்று ஸ்டேஷனில் எவ்வளவு கத்தினாலும் சரி.

வண்டி இழுக்கிறது, ஓட மாட்டேன் என்கிறது

மலைப் பக்கத்து டிரைவருக்கு இல்லாத ஒரு வசதி டெல்டாவில் நமக்கு உண்டு. உள்ளங்கை போலத் தட்டையான பூமி. தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம்வரை, ஆற்றுப் பாலத்துக்கு ஏறும் கரையை விட்டால் ஏற்றம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. தினமும் மூன்றாவது நாட்ச்சில் ஓடுகிற இடத்தில் இன்றைக்கு ஐந்து கேட்கிறது என்றால் குற்றம் பூமியில் இல்லை, எங்கோ ஒரு பெட்டியில் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. சந்தேகம் வந்தால் த்ராட்டிலை ஐடிலுக்கு எடுத்துவிட்டு வண்டியைச் சும்மா ஓட விடுங்கள். வேகம் எவ்வளவு சுருக்கில் சரிகிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

அடுத்த ஸ்டேஷனில் நிறுத்தி நடந்து போனால் மூக்கு சொல்லிவிடும், பிரேக் கட்டை தீய்ந்த வாசனை. புறங்கையைச் சக்கரத்துக்கு அருகே கொண்டுபோங்கள், தொட வேண்டாம். அந்தப் பெட்டியின் ரிலீஸ் கம்பியை இழுத்தால் பெரும்பாலும் 'தொப்'பென்று விட்டுவிடும். விடவில்லை என்றால் அந்தப் பெட்டியின் பிரேக்கை இயக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் வால்வைத் தனிமைப்படுத்திவிட்டு மறுபடி இழுக்க வேண்டும். பிரேக் இல்லாத பெட்டி எது என்று கார்டிடம் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். கை பிரேக்கை யாராவது சுற்றி வைத்துவிட்டு மறந்திருக்கிறார்களா என்று பார்ப்பதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அதை மறந்து, காற்றோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டியவன் நான்.

ஹாட் எஞ்சின் மணி அடிக்கிறது

தண்ணீர் 90 டிகிரியைத் தொட்டால் மணி அடிக்கும். உடனே எஞ்சினை அணைக்கத் தோன்றும். அணைக்காதீர்கள். அணைத்தால் தண்ணீர் ஓட்டமும் ரேடியேட்டர் விசிறியும் நின்று, சூடு உள்ளேயே தங்கிவிடும். லோடை எடுத்துவிட்டு, ஜெனரேட்டர் ஃபீல்டை ஆஃப் செய்து, நாலாவது நாட்ச்சில் ஓட விடுங்கள். விசிறி சுற்றுகிறதா, கேஜ் கிளாஸில் தண்ணீர் தெரிகிறதா என்று பாருங்கள். தண்ணீர் மிகவும் குறைந்தால் லோ வாட்டர் ஸ்விட்ச் எஞ்சினைத் தானே நிறுத்திவிடும். சூட்டில் மூடியைத் திறக்கவோ பச்சைத்தண்ணீர் ஊற்றவோ கூடாது.

எங்கள் பக்கத்துக்கே உரிய காரணம் ஒன்று உண்டு. தை, மாசியில் சம்பா அறுவடை. களத்தில் தூற்றும் பதரும் வைக்கோல் தூசும் காற்றில் பறந்து ரேடியேட்டர் வலையில் அப்பிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் பாய் விரித்தது போல இருக்கும். எல்லாம் சரியாக இருந்தும் மணி அடித்தால் அங்கே கையை வைத்துப் பாருங்கள். விளக்குமாறு ஒன்று போதும்.

புகை

ஆல்கோவுக்குக் கரும்புகை பிறவிக்குணம். நாட்ச்சை மளமளவென்று கூட்டினால் டீசல் உடனே போய்விடும், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போ அதைக் கொண்டுவரக் கொஞ்சம் தாமதமாகும். அந்த இடைவெளிதான் அந்தக் கரும்புகை மேகம். சில விநாடிகளில் வெளுத்துவிட்டால் கவலை இல்லை, நிதானமாக நாட்ச் எடுக்கக் கற்றுக்கொள்ளுங்கள். விடாமல் வந்தால் ஏர் ஃபில்டர் அல்லது டர்போ. எஞ்சினை அணைத்த பிறகு டர்போ ஒன்றரை நிமிடமாவது தன் போக்கில் சுற்றி அடங்கும், சங்கை ஊதி மெதுவாக நிறுத்தின மாதிரி. சட்டென்று நின்றால் அதன் பேரிங் சரியில்லை. ஷெட் புத்தகத்தில் எழுதிவிடுங்கள்.

சக்கரம் வழுக்குகிறது

மார்கழி விடியற்காலை, தண்டவாளத்தில் பனி. ஸ்லிப் விளக்கு மினுக்கும். ஒரு நாட்ச் குறைத்து, தண்டவாளத்தில் மணல் விட்டு, மறுபடி மெதுவாக எடுங்கள். மணல் வரவில்லை என்றால் மழையில் நனைந்து பெட்டிக்குள் இட்லி மாவாக இறுகியிருக்கும். குழாயை ஸ்பானரால் தட்டினால் கொஞ்சம் கொட்டும். காவிரிக்கரையில் இருந்துகொண்டு மணலுக்கு அல்லாடியிருக்கிறோம். ஆனால் சலித்துக் காயவைத்த மணல்தான் வேலைக்காகும்.

கிளம்பும்போதும் நிற்கும்போதும் குலுக்கல்

பழைய ஐ.சி.எஃப். பெட்டிகளில் ஸ்க்ரூ கப்ளிங். தளர்வாக முறுக்கியிருந்தால் ஒவ்வொரு இணைப்பிலும் கொஞ்சம் இடைவெளி, எல்லாம் சேர்ந்து கடைசிப் பெட்டியில் உதையாக விழும். கப்ளிங்கை இறுக்கச் சொல்லுங்கள். அது முடியாதபோது முதல் நாட்ச்சில் வைத்துப் பொறுங்கள். இணைப்புகள் ஒவ்வொன்றாக நிமிரும் 'டொக், டொக்' பின்னால் போய் அடங்கிய பிறகு இரண்டாவது நாட்ச். நிறுத்தும்போது வண்டி முழுதாக நிற்பதற்குச் சற்று முன்னால் பிரேக்கைக் கொஞ்சம் இளக்குங்கள். நாகப்பட்டினத்திலிருந்து காலை பாசஞ்சரில் மீன் கூடையோடு வரும் அம்மாக்கள்தான் எனக்குப் பரீட்சை வைத்தவர்கள். கூடைத் தண்ணீர் சிந்தினால் பிளாட்ஃபாரத்தில் எஞ்சின்வரை நடந்து வந்து, "யாருப்பா இன்னிக்கு ஓட்றது?" என்று கேட்பார்கள்.

எதுவுமே சரியாகவில்லை

எல்லாம் பார்த்தாகிவிட்டது, நேரமும் ஓடிவிட்டது. ஃபெயிலியர் என்று அறிவித்து ரிலீஃப் எஞ்சின் கேட்டுவிடுங்கள். கௌரவம் பார்த்து ஒற்றைப் பாதையை அடைத்துக்கொண்டு நிற்பது அழகல்ல. கை பிரேக் போட்டு வண்டி உருளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபிளாஷர் விளக்கைப் போடுங்கள். வண்டியிலிருந்து அகலப்பாதையில் 600 மீட்டரில் ஒரு டெட்டனேட்டர் (சக்கரம் ஏறினால் வெடித்து எச்சரிப்பது), 1200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று. மீட்டர் கேஜில் இது 400, 800.

ரிலீஃப் கேட்டு போனை வைத்த ஐந்தாவது நிமிடம் பழைய எஞ்சின் சமர்த்தாக ஸ்டார்ட் ஆகும். எனக்கு இரண்டு தடவை ஆகியிருக்கிறது. அப்போதும் ஓர் அடிகூட நகரக்கூடாது. நீங்கள் நிற்பதாகச் சொன்ன இடத்தை நம்பி எதிரே ஓர் எஞ்சின் வந்துகொண்டிருக்கிறது. ஸ்டேஷனிலிருந்து மறு உத்தரவு வரும்வரை ஓடுகிற எஞ்சினில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். வந்த ரிலீஃப் டிரைவர் கீழே நின்று, உறுமிக்கொண்டிருந்த எங்கள் எஞ்சினை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் கப்ளிங்கை மாட்டச் சொன்னார்.